கதிர்ப்பாத்திரத்துக்கு எத்தனை கால்

தோட்டவெளியில் தம்பி வீட்டு வேலிக்குக் கட்டை நடக் குழி தோண்டியபோது ஒரு வெள்ளிக் குற்றி கிடைத்தது. ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு, ஆனால் நல்ல தடிப்பு. ஏற்கெனவே தேய்ந்து கிடந்ததைத் தம்பியின் மனைவி, என் மச்சாள், பழப்புளி போட்டுத் தேய்த்து இன்னும் மழுக்கிவிட்டாள். பிறகு அவளே அது என்னவென்றும் கண்டுபிடித்தாள்.

ஒரு பக்கம் கதிர்ப்பாத்திரமாம். கோயிலில் நற்கருணையை வைத்து ஆராதிப்பது, நடுவில் வட்டம், சுற்றிவரச் சூரியன் போலக் கதிர்கள். மறுபக்கம் ஒரு பறவை. அது புறாவாம், பரிசுத்த ஆவியின் அடையாளமாம். போர்த்துக்கேயர் காலத்துப் பதக்கம் என்று முடிவாயிற்று. ஞாயிறு அவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம். சனி காலை நகைக்கடையில் துளை போட்டுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டுவதாகத் திட்டம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மீன்பிடிக்காரரிடம் நண்டு வாங்குகிற இடத்தில் பதினொரு வருடமாக நண்டு தரம் பிரிக்கிறேன். தேய்ந்திருந்தால் என்ன, அது நண்டு.

"உங்களுக்கு நிலாவைப் பாத்தாலும் நண்டுதான் தெரியும், மச்சாள்." அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கதிர்ப்பாத்திரத்துக்கு நிக்கிறதுக்கு ஒரு கால் இருக்கும். இதுக்கு எட்டுக் கால் இருக்கு. எண்ணிப் பார்."

"அந்த ஒரு கால் தேய்ஞ்சிருக்கும்."

தம்பி வேலியைப் பார்க்க எழும்பிப் போனான். அவன் எப்போதும் அப்படித்தான், கோழை.

எது என்று தெரியாமல் துளை போட்டால் பிறகு அழுதும் பிரயோசனமில்லை. வியாழன் வேலை முடிந்து ஒரு நண்டைக் கையோடு கொண்டு போனேன். குற்றியின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் உரசினேன். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கடதாசியில் வந்தது. மேலே இரண்டு கவ்வுகால், பக்கத்துக்கு நாலு கால். நண்டைப் பக்கத்தில் வைத்தேன். "இப்ப சொல்லு."

மச்சாள் குனிந்து பார்த்தாள். அவளும் மீன்பிடிக்காரரின் மகள்தானே. "உங்கட நண்டுக்குக் கடைசிக் கால் துடுப்பு மாதிரித் தட்டை. இதுக்குக் கூரா இருக்கு. அப்ப இது நண்டில்லை."

உண்மைதான். தட்டைக் கால் இல்லாமல் இந்த நண்டு நீந்தாது. என் நண்டை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். தம்பி சிரித்தான். நான் நண்டையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் அதைக் கறி வைத்துச் சாப்பிட்டதாகப் பிறகு கேள்வி.

வெள்ளி மத்தியானம் தராசில் நண்டை ஏற்றும்போதுதான் மண்டையில் உறைத்தது. முருங்கன் பக்கம் வயல் வரம்பைத் துளைக்கிற நண்டுக்கு எல்லாக் காலும் கூர். அது நடக்கிற நண்டு. குற்றியில் இருப்பது கடல் நண்டல்ல, நன்னீர் நண்டு. எங்களிடம் நண்டு வாங்க வருகிற யாழ்ப்பாணத்து வரலாற்று ஆசிரியர் ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. பென்சில் படத்தைப் போனில் அனுப்பி, "ஆத்து நண்டு, மற்றப் பக்கம் பறவை" என்று எழுதினேன்.

சனி காலை அவர் எனக்குப் போன் எடுத்தார். அவர் குரலே மாறியிருந்தது. இத்தாலிக்குத் தெற்கே ஒரு தீவில் கிரேக்கர் குடியிருந்த ஊர் ஒன்று இருந்ததாம். அதன் காசில் ஒரு பக்கம் ஆற்று நண்டு, மறுபக்கம் கழுகு. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. இங்கே எப்படி வந்ததென்று அவருக்கும் தெரியாது. "அதைத் தேய்க்கவும் வேண்டாம், துளைக்கவும் வேண்டாம். அரசாங்கத்திட்ட ஒப்படைக்க வேணும்."

தம்பிக்குப் போன் அடித்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தான்.

"அக்கா, கடைக்காரர் துளைக்கிற மிசினை இப்பதான் எடுக்கிறார்."

"கையை எடுக்கச் சொல்லு அவரை. எடுத்திட்டாரா?"

"ஓம்."

மச்சாளிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் கெத்தாகத்தான் நின்றேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப புறா?"

"கழுகு."

"நாலு நாளா அதை முன்னால வைச்சுச் செபமாலை சொன்னனான், மச்சாள். நண்டுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கினேன். "போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கும். நண்டைப் படைச்சவரும் அவர்தானே."

அவள் எழும்பினாள். "பிள்ளைக்கு வேற பதக்கம் நீங்கதான் வாங்கித் தரவேணும். நல்லாப் பாத்து வாங்குங்கோ, காலை எண்ணி."