கணினிக்குள் ஒரு கணினியைச் சுமந்து அன்னூர் போனது

உலகைச் சுற்றியவர்கள் பலர் இருக்கலாம். கோவை கணபதியிலிருந்து அன்னூருக்கு, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை வைத்துப் பேருந்தில் கொண்டுபோனவன் நான் ஒருவன்தான். மறுப்பவர்கள் பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம்.

கடந்த புரட்டாசியில் மனைவியின் தம்பி செந்தில் கூப்பிட்டான். தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டப் போகிறான். வாஸ்துக்காரர் ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், வெட்டச் சொல்லியிருந்தார். இடம் தவறினால் ஐப்பசி மழை குட்டைக்கு வராமல் ஓடிவிடும். இரண்டு கோடையாகக் காய்ந்த தென்னைகள் மூன்றாவதைத் தாங்கா. சர்வேயர் மேடு பள்ளம் அளந்து பென் டிரைவில் கொடுத்திருந்தார். அதைத் திறக்கும் வரைபட மென்பொருளோ விண்டோஸில் மட்டுமே ஓடும். என்னிடம் இருப்பது ஏ.ஆர்.எம். சில்லு போட்ட, விண்டோஸ் வாசனையே அறியாத மடிக்கணினி.

"நானாச்சு மாப்ளே" என்று வாயை விட்டுவிட்டேன்.

முந்தின நாள் மெய்நிகர் கணினிக்கான, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும், மென்பொருளை நிறுவி, அதில் வழக்கமான விண்டோஸை ஏற்றினேன். ஏறவே மறுத்தது. ஏ.ஆர்.எம்.முக்கென்று தனி விண்டோஸ் இருக்கிறதாம். அதைப் போட இரண்டே கால் மணி நேரம், அறுபத்து நான்கு ஜிபி இடம். வேறு சில்லுக்காக எழுதிய வரைபட மென்பொருளை அந்த விண்டோஸே மொழிபெயர்த்து ஓட்டியது. மடிக்கணினிக்குள் விண்டோஸ், அதற்குள் மாதிரி வரைபடம். ஈரேழு பதினான்கு லோகத்தையும் மடியில் வைத்தவனாக நான் வாய் பிளந்திருக்க, காப்பி ஆறி ஆடை கட்டி, அதில் ஆள் நடக்கலாம் போலிருந்தது.

காலை 7.10க்குப் பேருந்து. 28 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். சரவணம்பட்டி நெரிசலில் பையைக் கட்டிப்பிடித்திருந்தேன்.

"ஏனுங்க, பைய மேல வைக்கலாமுங்களே" என்றார் நடத்துநர்.

"உள்ளே ரெண்டு பேர் இருக்காங்க."

"அப்ப மூணு டிக்கெட்டுங்களா?"

அன்னூரிலிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 150 ரூபாய். மண் தோண்டும் பொக்லைன் எனக்கு முன்பே வந்து உறுமிக்கொண்டிருந்தது. பென் டிரைவைச் செருகினேன். திரை ஏதோ கேட்டது. படிக்காமல் ஒன்றை அமுக்கினேன். விண்டோஸில் ஒன்றுமே வரவில்லை. பத்து நிமிடம் வியர்த்தேன். அந்த வியர்வையிலேயே ஒரு குட்டை நிறைந்திருக்கும்.

"மாமா, ஆவுமா ஆவாதா?" என்றான் செந்தில்.

அவன் மனைவி கவிதா எட்டிப் பார்த்தாள். "அண்ணா, வெளிய இருக்கற கம்ப்யூட்டருக்கே குடுத்துப்போட்டீங்க. உள்ள இருக்கறவருக்கு யாருங்க குடுப்பாங்க?"

அதுதான் பிழை. பிடுங்கிச் செருகி, விண்டோஸுக்கு என்று தேர்ந்தெடுத்தேன். தோட்டம் திரையில் விரிந்தது. மழைநீர் போகும் வழி நீலக் கோடாக இறங்கி, ஈசானி மூலையைத் திரும்பியும் பார்க்காமல், மேற்கே மாட்டுச்சாளை என்கிற தொழுவத்தருகே முடிந்தது.

"அங்க பள்ளமே இல்லீங்களே!" என்றான் செந்தில்.

கவிதா மேட்டுக்குப் போய்ப் போர்வெல் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் செம்மண்ணில் தயங்கி, நகர்ந்து, நீலக் கோடு வளைந்த இடத்தில் தானும் வளைந்தது. எனக்குப் புல்லரித்தது. இந்த மண்ணை மிதிக்காத பெட்டிக்கு இதன் ஓட்டம் தெரிந்திருந்தது! செந்தில் வெறுங்காலோடு தண்ணீர் பின்னாலேயே நடந்தான். அது மாட்டுச்சாளையருகே தேங்கி, அவன் கணுக்காலைத் தொட்டது.

"ஏனுங்க, பொக்லைன இங்க கொண்டாங்க" என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுத்தான்.

"வாஸ்துக்காரருக்கு என்ன மாப்ளே சொல்லுவே?"

"தண்ணி அவரு பேச்சக் கேக்கலீங்கன்னு சொல்லிப்போடறேன்."

இதே பயணம் போகிறவர்கள் ஏ.ஆர்.எம். விண்டோஸையே போடுங்கள். மெய்நிகர் கணினிக்கு எட்டு ஜிபி நினைவகமாவது ஒதுக்குங்கள். முழு மின்கலத்தோடு கிளம்புங்கள். இது மின்சாரத்தை யானை கரும்பு தின்பதுபோல் தின்னும். திரை கேட்கும் கேள்வியைப் படித்துவிட்டு அமுக்குங்கள்.

ஐப்பசியில் ஒரு காலை ஆறு மணிக்குச் செந்தில் அழைத்தான். ஹலோ கூடச் சொல்லவில்லை. போனைக் குட்டைப் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறான் போல. ஊரிலுள்ள தவளையெல்லாம் என் காதுக்குள் கத்தின.