சொல்லிக்கொள்ளாமல் போன மனுஷன்

கன்னியம்மாளிடம் "போறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் வாசல்படி தாண்ட முடியாது. பால்காரர், கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் என்று யாராக இருந்தாலும் நிறுத்தி வைத்து, "போய்ட்டு வரேன்னு சொல்லுப்பா" என்பாள். கரண்டு கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை, நான் எதுக்கும்மா திரும்பி வரணும், மீட்டரைத்தான் பார்த்தாச்சே என்று சிரித்தார். அவரையும் விடவில்லை. அவளுடைய அப்பா ஒருநாள் காலையில் கழனிக்குப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பாம்பு கடித்து, கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து அந்த வார்த்தை அவளுக்கு ஆகாது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் கஜபதி. நல்ல மனுஷன்தான், ஆனால் எதை எடுத்தாலும் பெரிசாகத்தான் எடுப்பார். சட்டை வாங்கினால் தோள் இறங்கி முழங்கையில் தொங்கும். நாலு பேர் வீட்டுக்கு நாற்பது பேர் சமைக்கிற குக்கர் வாங்கி வருவார். கனகம்மாசத்திரத்துப் பக்கம் கழனி செழிப்பாக விளைந்த காலத்தில், திருத்தணியில் அரக்கோணம் சாலையை ஒட்டி மாடி வைத்து ஒரு வீடு கட்டினார். அதிலும் அப்படித்தான். மேலே நாலு ரூம், கீழே நாலு ரூம். போகிறவர் வருகிறவர் எல்லாம் கல்யாண மண்டபம் என்று நினைத்து விசாரித்துவிட்டுப் போவார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

பிள்ளைகள் இருக்கிறவரை வீடு நிறைந்து கிடந்தது. மகன் கௌதமன் வேலைக்கென்று ஓசூர் போனான். மகள் ஷோபனாவைப் பள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கும் சந்திரமோகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த எட்டு ரூமில் ரெண்டு பேர். அவளுக்கு முட்டிவலி, படி ஏற மாட்டாள். அவருக்கு மாடியில்தான் காற்று வருகிறது, டிவியும் அங்கேதான். காபி வேண்டுமென்றால் மேலேயிருந்து கீழே போன் போடுவார். தாலி கட்டின பெண்டாட்டியோடு பேச மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணின ஆள் இந்த ஊரில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

போன வருஷத்திலிருந்து கஜபதி புதுப்பாட்டு பாட ஆரம்பித்தார். நமக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு, பெருக்கவே ஆள் போதவில்லை, மலையடிவாரத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டால் செலவும் குறையும், மனசுக்கும் லேசாக இருக்கும் என்பார். எதையும் பெரிசாகவே செய்து பழகின மனுஷன் வாயிலிருந்து இதைக் கேட்டதும் கன்னியம்மாளுக்குச் சிரிப்புதான் வந்தது. "என்னத் தூக்கிக்கினு போனப்புறம் நீங்க எந்த ரூமுக்கு வேணாலும் போங்க" என்று சொல்லிவிட்டாள். பேச்சு அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். அவரோ அப்போதுதான் பேச்சு ஆரம்பித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

ஷோபனாவுக்கு ரெண்டாவது பிரசவம். ஒத்தாசைக்கு என்று கன்னியம்மாள் பள்ளிப்பட்டு போய் மாசம் ரெண்டாகிவிட்டது. அன்று காலை பத்து மணி இருக்கும். குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருத்தணியிலிருந்து எதிர்வீட்டுக் கௌரியம்மாள் போன் போட்டாள். கௌரியம்மாள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அத்தான் முறை வைத்துக் கஜபதியை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, பாவா போய்ட்டாருக்கா. காத்தாலயே. கட்டிலெல்லாம் தெருவுல எடுத்துப் போட்டுட்டாங்க. வூட்டக் கூட கழுவி உட்டாச்சு. நீ இன்னா, ஒரு வார்த்த..."

அதற்குமேல் கன்னியம்மாள் எதையும் கேட்கவில்லை. கேட்டது போதாதா? ஒரு வீட்டுக் கட்டிலை எப்போது தெருவில் போடுவார்கள்? வீட்டை எப்போது கழுவி விடுவார்கள்? பிணத்தைத் தூக்கின பிறகுதானே. எங்கே போனார் என்று சொல்லாமல் ஒருத்தரைப் போய்ட்டாரு என்று சொன்னால் நம்ம பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குழந்தையை எப்போது பாயில் கிடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சுவரில் ரெண்டு கையையும் அறைந்து அறைந்து அழுதாள். வளையலெல்லாம் நொறுங்கி உதிர்ந்தது. ஷோபனா அப்பா நம்பருக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அடித்தாள். மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப். கௌரியம்மாளைக் கூப்பிட்டால், அவள் வேறு யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தாள். சந்திரமோகன் நூல் எடுக்க நகரி போயிருந்தான். அவன் வரட்டும், காரில் போகலாம் என்று ஷோபனா கையைப் பிடித்து இழுத்ததையும் உதறிவிட்டுக் கன்னியம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

முகத்தைக்கூடக் காட்டாமல் தூக்கிவிட்டார்களே. பஸ் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவள் வெறும் கையையும் கலைந்துபோன நெற்றிப் பொட்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பின்னால் போய்விட்டார். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பொம்பளை அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுகையின் நடுவில் அவளுக்கு என்னென்னவோ ஞாபகம் வந்தது. கடைசியாக அவரிடம் என்ன பேசினோம்? மூன்று நாளைக்கு முன்னால், தண்ணீர் மோட்டாரை மறக்காமல் நிறுத்துங்க என்று சொன்னதுதான். முப்பத்தாறு வருஷத்துக் குடித்தனத்துக்குக் கடைசி வார்த்தை மோட்டாரா என்று அந்தப் பொம்பளையிடமே கேட்டுக் கேட்டு அழுதாள்.

நடுவழியில் தன் அண்ணன் கங்காதரனுக்குப் போன் போட்டு, "அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா" என்றாள். அதே வார்த்தை, இப்போது அவள் வாயிலிருந்தே வந்தது. கங்காதரன் கனகம்மாசத்திரத்திலிருந்து கிளம்பி, வழியில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் வந்து திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நின்றார். அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததில் பூக்கடைக்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீட்டு வாசலில் பந்தல் இல்லை. நாற்காலி இல்லை. ஒரு ஈ காக்கா இல்லை. வாசலெல்லாம் கழுவிவிட்ட தண்ணீர் இன்னும் காயாமல் நின்றது. கதவில் புதுப்பூட்டு. கன்னியம்மாள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுக் கௌரியம்மாள் ஓடி வந்தாள். வந்தவள் மாலையைப் பார்த்தாள், கன்னியம்மாளின் வெறும் கையைப் பார்த்தாள், அப்படியே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருக்குக்கா இந்த மாலை?"

கன்னியம்மாள் அழுதபடியே பூட்டின கதவைக் காட்டினாள். கௌரியம்மாள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள். பாவா வீட்டை விற்றுவிட்டார். வாங்கினவர்கள் இன்று நல்ல நாள் என்று சாவி கேட்டார்கள். காலையிலேயே சாமான்களை வெளியே எடுத்துப் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, வீட்டைக் கழுவி ஒப்படைத்துவிட்டு, மலையடிவாரத்தில் வாடகைக்குப் பிடித்திருக்கும் ரூமுக்குப் போய்விட்டார். அதைத்தான் அவள் போனில் சொன்னாள். நீ இன்னா, ஒரு வார்த்த கூட சொல்லாம வூட்ட வித்துட்டீங்களே என்று உரிமையோடு கோபித்துக்கொள்ள வந்தாளாம். பாதியில் லைன் கட்டாகிவிட்டதாம்.

உயிரோடு இருக்கிறார் என்று கேட்டதும் சந்தோஷம் வர வேண்டும்தானே? வரவில்லை. இடி விழுந்த இடத்திலேயே இன்னொரு இடி விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு. செத்துப்போனவர் சாகவில்லை, ஆனால் வீடு போய்விட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்கு அழுவது, எதற்குச் சிரிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கங்காதரன் ஷோபனாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு கவலை. கையில் இருக்கிற மாலையை என்ன செய்வது? செத்தவருக்கென்று வாங்கின மாலை சாமிக்கு ஆகாது, கடைக்காரன் திரும்ப வாங்க மாட்டான், உயிரோடு இருக்கிற மனுஷன் எதிரே கொண்டுபோய் நீட்டவும் முடியாது. கடைசியில் அதை ஆட்டோவின் பின்பக்கம், சீட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

கௌரியம்மாள் அடையாளம் சொன்ன மலையடிவாரத்துச் சந்தில் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களும் காவடிக் கடைகளுமாக நெரிசல். அதைத் தாண்டி உள்ளே ஒரு நீள வரிசை வீடு. கடைசிக் கதவு திறந்திருந்தது. கஜபதி பனியனோடு நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

ஒரே ரூம். ஓரத்தில் சமையல் மேடை. ரெண்டு தட்டு, ரெண்டு தம்ளர், ஒரு பாய். அதோடு ரூமில் கால்வாசியை அடைத்துக்கொண்டு கன்னியம்மாளின் அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டா. தேக்குப் பீரோவையும் டிவியையும் தானம் பண்ணத் துணிந்த மனுஷனுக்கு அந்த அண்டாவைத் தொட மட்டும் தைரியம் வரவில்லை.

அவர் திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா, சாயந்திரம் நானே போன் பண்ணலாம்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். சட்டைப்பையில் அன்றுதான் வாங்கின பட்டன் போன் இருந்தது. பழைய போன் எதற்கு வெட்டிச் செலவு என்று காலையிலேயே அணைத்து யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். அவர் கண் அவள் கையிலேயே நின்றது. அடிபட்டுக் கீறி, ஒரு வளையல்கூட இல்லாத கை.

"கையில இன்னா கன்னி?"

கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பேர் சொன்னதில்லை, ஒருமையில் பேசினதில்லை. அன்று பேசினாள்.

"அழுது முடிச்சிட்டன்யா. பள்ளிப்பட்டுல ஆரம்பிச்சு, பொதட்டூர்பேட்ட தாண்டறதுக்குள்ள உன்ன மொத்தமா அழுது முடிச்சிட்டேன். இனிமே நீ செத்தாலும் எனக்கு அழறதுக்குக் கண்ணீரு இல்ல."

விஷயம் விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வாசலில் கங்காதரன், தங்கச்சி, நீ வா, நம்ம வீட்டுக்குப் போகலாம், இந்தப் பொந்தில் மனுஷி இருப்பாளா, ஆட்டோ நிற்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் காதில் அதுவும் விழுந்தது. போனால் போகலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கஜபதி தலை நிமிராமலே பேசினார். "போன வருஷம் பொங்கலுக்கு முன்னால ஒருநாளு மேலேர்ந்து உனக்கு போன் போட்டேன். நீ எடுக்கல. நாலு வாட்டி போட்டும் எடுக்கல. எறங்கி வர்றதுக்குள்ள இன்னா இன்னாவோ நெனச்சிட்டேன். படியில உக்காந்து உக்காந்து எறங்கினேன். வந்து பாத்தா பின்னால துணி காயப் போட்டுகினு இருந்த. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். கூப்ட்டா காதுல உழற தூரத்துல நாம ரெண்டு பேரும் இருக்கணும்னு. அவ்ளோதான் எனக்கு."

கன்னியம்மாள் இன்று பஸ்ஸில் பட்ட பாட்டை இந்த மனுஷன் அன்றைக்கே ஒருதரம் படியில் உட்கார்ந்து பட்டிருக்கிறார். அன்று வியர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து, சும்மா தண்ணி குடிக்க வந்தேன் என்றார். அவளும் நம்பினாள்.

"இத என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ வரமாட்டே."

"சொல்லிக்காம போனா செத்தவன்தான். நீ சாவல, சரி. ஆனா சொல்லிக்காம போனே."

கஜபதி அழுதார். பெரிசாகவே எல்லாம் செய்து பழகின மனுஷன், அழுததும் பெரிசாகத்தான் அழுதார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கன்னியம்மாளுக்கு மனசு இளகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் போகவில்லை. அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்புறம், "எழுந்திரு. போய் வளையல் வாங்கினு வா. இந்தக் கையோட என்னால நிக்க முடியல" என்றாள்.

அவர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கால் வைத்தார். அவள் வாசலில் குறுக்கே கையை நீட்டினாள்.

"சொல்லிட்டுப் போ."

"போய்ட்டு வரேன்" என்றார் கஜபதி.

அடிவாரத்தில் வளையல் கடைக்கா பஞ்சம்? கால் மணி நேரத்தில் ஒரு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையலோடு மூச்சு வாங்க வந்தார். அவள் கையை நீட்டினாள். அவரே போட்டுவிட்டார். வளையல்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறின, கையைக் கீழே தொங்கவிட்டதும் அத்தனையும் விரல் வழியாகக் கழன்று அவர் உள்ளங்கைக்கே வந்துவிட்டன.

"பெருசு" என்றாள் கன்னியம்மாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் கை அளவு அவருக்குத் தெரியவில்லை. அதுவும் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கஜபதி கையிலிருந்த வளையல்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைத் தன் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்து அளவெடுத்துக்கொண்டார். அந்த விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர், அவள் கேட்காமலே நின்று திரும்பினார்.

"போய்ட்டு வரேன் கன்னி."

"ஆங்" என்றாள்.

அவர் தலை சந்து முனையில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ பக்கம் நடந்தாள். கங்காதரன் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் ஏறவில்லை.

"மாலைய எங்கனா தண்ணியில உட்டுடுண்ணா" என்றாள். "நீ போய்ட்டு வா."