சுகவனிதையர் என்னும் சொல்

எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தின் சுவரில் 'சுகவனிதையர் கிளினிக்' என்று நீல எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களின் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் கட்டணமின்றிச் சோதித்து, நோய் தலைகாட்டுமுன் கண்டறியும் இடம் அது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பெயர் நெடுநாள் உறுத்தல். வடசொல் இரண்டை ஒட்டி, வாலில் ஆங்கிலம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்களே, 'நலமகளிர் மனை' என்றால் ஆகாதா என்று, வீடு வீடாக வரும் குடும்பநல மாதிடம் ஒருமுறை கேட்டேன். ஊரார் அவளை 'மிஸ்' என்றே அழைப்பர். அவள் சிரித்துவிட்டு, பெயர் கிடக்கட்டும், முதலில் உங்கள் அக்காவைக் கூட்டி வாருங்கள் என்றாள்.

தமக்கையின் வீடும் என் வீடும் தாய்வழி வந்த ஒரே வளவில், வாவியை நோக்கி நிற்பவை. வைகாசியில் கண்ணகையம்மன் சடங்குக்கு நெல்லுக் குற்றும் பெண்களுள் அவளும் ஒருத்தி. மாதவிலக்கு முற்றாக நின்ற பின்னரே எங்கள் கோயிலில் உலக்கையைக் கையில் கொடுப்பார்கள். அதை அவள் பெரும்பேறாகக் கருதியிருந்தாள். சென்ற வைகாசியில் முழங்கால் வலி என்று சொல்லிப் போகாமலிருந்தாள். நானும் நம்பினேன்.

பிறகொரு நாள், அவளது கொடியில் சேலைக்கு அடியில் மறைத்து உலர்த்தியிருந்த பழந்துணிகளைக் கண்டேன். துவைத்தும் கறை போகவில்லை. கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓம் புள்ள, திரும்ப வருகுது. கோயிலுக்குத் தெரிஞ்சா வெக்கம்."

"மிஸ் எத்தினை தரம் கூப்பிட்டவ? ஏன் போகல்ல?"

"அது சுகமான பொம்புளையளுக்கெல்லோ புள்ள. சுவரில எழுதிக் கிடக்கே. எனக்குச் சுகமில்லாமக் கிடக்கு. நிண்ட உடன போறன்."

எங்கள் ஊரில் மாதவிலக்கையும் 'சுகமில்லை' என்றே சொல்வோம். மிஸ்ஸிடமும் அவள் மாதக்கணக்காக, சுகமானதும் வருகிறேன் என்றே சொல்லி வந்திருக்கிறாள். மிஸ்ஸோ அதைத் தடிமன், காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டாள். நான் அந்தச் சொல்லின் பிறப்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தமக்கை அதன் பொருளை நம்பியிருந்தாள். 'நலமகளிர்' என்று எழுதியிருந்தாலும் நம்பியிருப்பாள்.

மறுநாளே கூட்டிச் சென்றேன். சுகாதார நிலையத்தில் அவளது கதையைக் கேட்டதும், இங்கே தாமதிக்க வேண்டாம் என்று நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே சோதிக்கும் அறை வாசலில் அவளுக்குக் கால் கூசியது. "நீ வாத்திச்சிதானே, சோதினை உனக்குத்தானே பழக்கம், நீ போய் ஏறிப் படு. நான் இஞ்ச இருந்து உன்ட பேப்பரப் பாக்கிறன்" என்றாள். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்த நாட்களில் அவள் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான்.

புற்று கருப்பைக் கழுத்தைத் தாண்டி, சிறுநீர்ப்பை வரை பரவியிருந்தது. என்னைத் தனியே அழைத்த இளம் மருத்துவர், கதிர்ச் சிகிச்சையால் குருதியை நிறுத்தலாம், வலியைத் தணிக்கலாம் என்றார். அதற்கு மேல் என்ன என்று கேட்டேன். அதற்கு மேல் இல்லை, அம்மா என்றார். ஓராண்டு முன்னர் வந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். வீடு திரும்பிய பின் அவளிடம் இதை எத்தனையோ வகையில் சொல்ல முயன்றேன். ஒவ்வொரு முறையும் அவள் பேச்சை வேறு திசைக்குத் திருப்பினாள்.

சிகிச்சை முடிந்தது. மருத்துவர் சொன்னபடியே குருதி நின்றது. உடல் மட்டும் வற்றிக்கொண்டே வந்தது.

இந்த வாரம் மிஸ் பார்க்க வந்தாள். தமக்கை கட்டிலில் தானாகவே எழுந்து உட்கார்ந்து, கூந்தலை அள்ளி முடிந்தாள். பல மாதங்களில் காணாத தெளிவு அவள் முகத்தில் இருந்தது.

"மிஸ், இப்ப முழுக்க நிண்டிட்டுது. சுகமாகிட்டன். கிளினிக்குக்கு எண்டைக்கு வரட்டும்?"

மிஸ் என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வாங்க அம்மா" என்றாள், குனிந்து குடையை எடுத்தபடி.

மிஸ் வாசற்படலையைச் சாத்திவிட்டுப் போனதும், இளம்பச்சைச் சேலையை எடுத்துத் தரச் சொன்னாள் தமக்கை. வெள்ளிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தால், வைகாசியில் நெல்லுக் குற்றப் போகலாமாம். சேலையை எடுத்துத் தலைமாட்டில் வைத்தேன். கிணற்றடி வரை நடக்கவே இப்போது அவளுக்கு என் தோள் வேண்டும்.