பச்சையாக அறுத்த ராகி

ராகிக் கதிர் பால் பிடித்து, நுனி மட்டும் பழுப்பேறத் தொடங்கியிருந்தபோது யானைகள் சானமாவுக் காட்டுக்கு வந்துவிட்டன. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வியாழக்கிழமை அது. தளிப் பக்கமிருந்து அவை இறங்கி வருவதும் எங்கள் அறுவடையும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும். அந்த ஆண்டு ஆடி மழை பிந்தியது. விதைப்பு பிந்தி, கதிரும் பிந்திவிட்டது.

எனக்கு ஓசூரில் கம்பெனி வேலை. நிலத்தைத் தம்பிதான் பார்த்துவந்தான். முந்தைய இரண்டு அறுவடைகளையும் யானைகள் மிதித்திருந்தன. இந்த முறையும் ராகி வீடு வந்து சேராவிட்டால் நிலத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டு, கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகப் போவதென்று மனைவியிடம் ஒத்துக்கொண்டிருந்தான். அவள் ஏற்கெனவே ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நான் போனபோது இருவரும் வரப்பில் நின்றிருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரரும் வந்து சேர்ந்தார். வீட்டில் தெலுங்கு பேசுபவர். எதையும் கிண்டலாகத்தான் பேசுவார்.

"இன்னும் பத்து நாள் நின்னா பழுத்துடும். அதுவரைக்கும் அதுங்க சும்மா இருக்குமா?" என்றான் தம்பி.

"ஏமப்பா, யானைக்குப் பயந்து பிஞ்சையே அறுப்பியா? அதுங்க தின்னாக்கூட தாளாச்சும் மிஞ்சும். நீ அதையும் உட மாட்ட போலிருக்கே."

"உனக்கென்னண்ணா, பையன் பெங்களூர்ல சம்பாதிக்கிறான். யானை தின்னா போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவ."

அவர் சிரித்தார். தம்பி மனைவி சிரிக்கவில்லை. ஒரு கதிரைக் கிள்ளி நகத்தால் நசுக்கினாள். வெள்ளையாகப் பால் வந்தது.

"மாமா, பாதியாச்சும் வரட்டும். நிக்க உட்டு, மொத்தமா போறத இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது" என்றாள் என்னிடம். தம்பி அரிவாளைத் தீட்ட வீட்டுக்குப் போனான்.

ஞாயிறன்று அறுத்தோம். பச்சைத் தாள் அரிவாளுக்கு வழுக்கியது. குவித்து வைத்தால் உள்ளேயே கொஞ்சம் முற்றிவிடும் என்று தம்பி நம்பினான். வீட்டருகே போர் போட்டுத் தார்ப்பாய் மூடினோம். திங்கள் இரவு வங்கக் கடலில் புயல் என்றார்கள்; செவ்வாய் காலையிலேயே இங்கே தூறல் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க வெயில் இல்லை. பிரித்துக் காயவைக்க வழியில்லாமல் போர் மூடியபடியே கிடந்தது.

மறு ஞாயிறு தார்ப்பாயை விலக்கினோம். ஆவி எழுந்தது. உள்ளே கைவிட்ட தம்பி சட்டென்று இழுத்துக்கொண்டான், அவ்வளவு சூடு. புளித்த கஞ்சி வாடை. அடிக் கதிர்கள் கறுத்துப் பிசுபிசுத்தன. ஒரு கைப்பிடி எடுத்து மாட்டுக்குப் போட்டான். அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

யானைகள் அந்த வாரமே ராயக்கோட்டைப் பக்கம் போய், அங்கே தக்காளித் தோட்டங்களை மிதித்திருந்தன. எங்கள் பக்கம் ஒரு கால்கூட வைக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பட்டாசுச் சத்தம் என்றார்கள், ரயில் என்றார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் வந்து போரைப் பார்த்தார். அன்று கிண்டல் எதுவும் இல்லை.

"உட்ரா. நெலத்துல கொட்டு. அடுத்த வெள்ளாமைக்கு எருவாவும்."

"எந்த வெள்ளாமைக்கு?" என்றான் தம்பி. அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்கழியின் முதல் திங்களன்று அவன் வேலைக்குப் போனான். வழியனுப்ப நானும் சாலை வரை போனேன். செக்யூரிட்டிக்கான நீல நிறச் சட்டை அவன் தோளில் தொளதொளத்தது. பக்கத்து நிலத்துக்காரர் நிற்கவிட்டு நன்றாக முற்றிய தன் ராகியை அறுத்து, வண்டிகள் ஏறி உதிர்க்கட்டும் என்று தார்ச்சாலையில் பரப்பியிருந்தார். கம்பெனி பஸ் வந்தது. தம்பி ஏறி, அவர் நின்ற பக்கம் பார்க்க வேண்டியிராத ஜன்னலோரமாக உட்கார்ந்தான். பஸ் வேகம் குறைக்காமல் ராகி மேலேயே போயிற்று.

பக்கத்து நிலத்துக்காரர் துடைப்பத்தோடு இறங்கி, ஓரத்துக்குச் சிதறிய கதிர்களை மறுபடி நடுச்சாலைக்குத் தள்ளினார். அடுத்த பஸ் வர இன்னும் நேரமிருந்தது.