ஸ்வானே குடிக்காத ஜாடி

எங்கள் ஊரில் ஸ்வானேயைப் போல நாக்கு நீண்டவனும் கிடையாது, வீம்பு பிடித்தவனும் கிடையாது. மொத்தோவுன் குன்றின் கீழ்ச் சரிவில் அவன் போட்ட தெரான் ஒயின் கறுப்புக்குப் பக்கத்து நிறம், சுண்டி இழுக்கும் புளிப்பு. அதோடு எதைத் தின்னலாம் என்பதில் அவன் வைத்ததுதான் சட்டம். காற்றில் உலர்த்திய பன்றித் தொடைக்கறி, புளித்த முட்டைக்கோஸோடு தொத்திறைச்சி, ஞாயிறானால் கோழிக் குழம்பு. ஒருமுறை என் வீட்டுக்காரர் மத்தி மீனோடு தெரானைக் குடிக்கப் போக, கோப்பையையே பிடுங்கிவிட்டான்.

"மாமா, மீனோட இதக் குடிச்சா துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாதிரிதான் இருக்கும்! தண்ணியக் குடிங்க, புண்ணியமாப் போகும்!"

அப்படி வாயாடியவன் தன் தம்பி யூரேயிடம் ஏழு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா செத்தபின் இரண்டு வரிசைத் திராட்சைக் கொடி யாருக்கு என்று தொடங்கிய சண்டை. ஒரே கூரைதான், நடுவில் சுவர். பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தபின் ஸ்வானேக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. "அவன் ஒரு தடவை வந்து என்னோட சூப்பா குடிச்சாப் போதும்க்கா" என்று என்னிடம் புலம்புவான்.

சூப்பாவுக்கு ஜாடி ஒன்று, வாய் பல. தெரானைக் கணப்பருகே சுடவைத்து, ஆலிவ் எண்ணெயும் மிளகும் சர்க்கரையும் சேர்த்து, சுட்ட ரொட்டியைப் போட்டுச் சுற்றி விடுவோம். கைக்கு வந்த ஜாடியை வேண்டாமென்று வைத்தால், கொடுத்தவன் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

முப்பத்தாறாம் வருஷ டிசம்பரில் ஸ்வானே பன்றி அடித்து விருந்து வைத்தான். யூரேயைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். ஸ்வானேயோ தன் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு, கடைசி ஆளாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தான். விருந்து வைத்தவனுக்கு இதென்ன கேடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜாடி யூரேயிடம் வந்தது. ஒரு வாய் குடித்தான். அடுத்தவனிடம் நீட்டாமல், எழுந்து நேராக அண்ணனிடம் போனான்.

"அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. நீ குடிச்சிட்டுதான் மத்தவங்க."

ஸ்வானே வாங்கினான். உதட்டருகே கொண்டுபோனான். பிறகு மேசைமேல் வைத்துவிட்டான்.

"எனக்கு வேணாம்."

"என்னது?"

"வேணாம்னா வேணாம்டா. விடு."

யூரேயின் முகம் செத்துப்போனது. "ஏழு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு இப்படிச் செருப்பால அடிக்கணுமா? நல்லா இருண்ணே" என்று சொல்லிக் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

நானும் சும்மா இருக்கவில்லை. "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று ஊரே கேட்கத் திட்டினேன். இரண்டு மாதம் அவன் வாசலை மிதிக்கவில்லை.

பிப்ரவரியில் அவன் புகைபோக்கியில் இரண்டு நாளாகப் புகையைக் காணோம். மனசு கேட்காமல் போனேன். கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். தலைமாட்டில் ரத்தம் தோய்ந்த துணி.

"கிட்ட வராதக்கா. காசம். நவம்பர்லயே டாக்டர் சொல்லிட்டாரு, என் எச்சில் யாருக்கும் படக்கூடாதுன்னு. கடைசி ஆளா வாங்கி மிச்சத்தக் குடிச்சிடலாம்னுதான் கதவோரம் உக்காந்தேன். அந்தப் பய நேரா எங்கிட்டயே கொண்டாந்துட்டான்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா, பாவி!"

"தெரான் குடிச்சா ரத்தம் ஊறும்னு ஊருக்கே ஊத்திக் குடுத்தேன். எனக்கு ஊறுறதெல்லாம் துணிக்குத்தான் போவுது" என்று சிரிக்கப் பார்த்து இருமினான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஓடிப்போய் யூரேயின் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். அவன் திறக்கவில்லை. "சாக்கு நல்லாத்தான் இருக்கு. போக்கா!" என்றான் உள்ளிருந்தே.

மூன்றாம் நாள் காலை ஸ்வானே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபின், குழிப் பக்கத்தில் யூரே மட்டும் நின்றான்.

"அக்கா, அன்னிக்கு நீ சொன்னது நெசந்தானா?"

"நெசம்."

"கிறுக்கன்! எங்கிட்டச் சொல்லியிருந்தா நோயோட சேத்தே குடிச்சிருப்பேனே" என்று தேம்பினான்.

"அது தெரிஞ்சுதாண்டா அவன் சொல்லல" என்றேன்.