மூன்று புள்ளியா, நான்கா

எங்கள் தாய்மாமா வேலை போய் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருஷம் எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குச் சூரமங்கலம் ரயில்வேயில் வேலை. இரண்டே அறை கொண்ட லயன் வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். அம்மா எப்போதும் களைத்தே இருந்தாள். மூத்த பெண் என்பதால் அந்தக் களைப்பில் எனக்கும் பங்கு உண்டு. விடிந்தால் குழாயடி, பிறகு நாள் முழுக்க இடுப்பில் கைக்குழந்தைத் தம்பி. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றிருந்தது.

மாமா எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். வேலை ஏன் போயிற்று என்று வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பா அவரை ஒன்றும் சொல்லமாட்டார். மாமா இரண்டாம் முறை சோறு வாங்கும்போது மட்டும் கூரையைப் பார்ப்பார்.

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். பூசை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பூச்சி பிடிப்பார். அரிசிமணியைவிடச் சின்ன அந்துப்பூச்சிகள் என்றால் அவருக்கு உயிர். அவற்றைப் பெரிதாக வரைந்து கொடுக்கும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது.

ஒருநாள் தண்டவாளத்து ஓரமாக மூக்கிரட்டைக் கீரை பறிக்கப் போன இடத்தில் அப்படி ஒரு பூச்சியை நானே பிடித்துத் தீப்பெட்டியில் கொண்டுவந்தேன். செங்கல் நிறச் சிறகு. அதன்மேல் ஈயத்தை உருக்கிச் சொட்டுவிட்டதுபோல மினுங்கும் புள்ளிகள். மாமா ஓடிப்போய்ச் சாமியாரிடம் சொன்னார். சிறகுக்கு மூன்று புள்ளி என்றால் அது ஏற்கெனவே தெரிந்த பூச்சி, நான்கு இருந்தால் இதுவரை யாரும் எழுதிவைக்காத இனம், பார்த்து வரைந்து கொண்டு வா என்றாராம் அவர். சென்னையில் ஒரு கல்லூரியில் பூச்சிப் படம் வரைய ஆள் தேடுகிறார்களாம். புதுப் பூச்சியாக இருந்தால் அந்தப் படத்தையே காட்டி மாமாவைச் சேர்த்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

மறுநாள் உச்சிவெயிலில் வாசலில் உட்கார்ந்து மாமா பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "உன்ற கண்ணுதான் சாமி கூர்மை. நீ பார்த்துச் சொல்லு" என்றார். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கால் என்ன நிறம், மீசை எவ்வளவு நீளம், சிறகோரத்து மயிர் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மூக்கு காகிதத்தில் படும்படி குனிந்து வரைந்தார். கேட்டதையே மறுபடி கேட்டார். முதல் புள்ளி எங்கே, எவ்வளவு பெரிது, எவ்வளவு தள்ளி என்பதற்கே வெகுநேரம் ஆயிற்று. தம்பி இடுப்பில் நெளிந்து அழுதான். எனக்குக் கையும் கண்ணும் கடுத்தன.

"இப்ப எண்ணிச் சொல்லு கண்ணு. மூணா, நாலா?"

"மூணுங்க மாமா."

"வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தியா?"

சாய்த்துப் பார்த்தேன். சிறகின் அடியோரத்தில் நான்காவது புள்ளி, ஊசிமுனையளவு, பளிச்சென்று மின்னியது. அதைச் சொன்னால் அது எங்கே, எவ்வளவு பெரிது, எவ்வளவு தள்ளி என்று மறுபடி தொடங்குவார்.

"பார்த்தனுங்க. மூணேதான்."

மாமா பென்சிலைக் கீழே வைத்தார். பூச்சியைப் பெட்டியில் போடப்போனவர் கட்டைவிரலால் அதை நசுக்கிவிட்டார். சிறகின் மினுமினுப்பெல்லாம் தூளாக அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள்கூட இவ்வளவு கவனக்குறைவாக இருப்பார்களா என்று நினைத்தேன். இனி யாரும் எண்ணிப் பார்க்க முடியாது என்பதில் கொஞ்சம் நிம்மதியும்கூட.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் படத்தைப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது, ஆனால் தெரிந்த பூச்சிதான் என்று மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த மாதமே மாமா திருச்சிப் பக்கம் ஒரு கருணை இல்லத்துக்குப் புறப்பட்டார். ரயிலேறும்போது படியைத் தவறவிட்டுத் தடுமாறினார். அம்மா கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அவரும் எங்களைப்போலக் களைத்துத்தான் போயிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதே மாமாவுக்குப் பார்வை முக்கால்வாசி போயிருந்ததாம். பள்ளிக்கூடத்தில் நிறுத்தியதும் அதனால்தானாம். அப்படியானால் சென்னையில் எப்படி வரைந்திருப்பார் என்று கேட்டேன்.

"உன்னையும் கூட்டிட்டுப் போறதாத்தான் பேச்சு. நீ பார்த்துச் சொன்னா அவன் வரைவானாம். அங்கியே உன்னைப் பள்ளிக்கூடத்துல சேத்துப் படிக்க வெக்கறேன்னான். உங்கப்பாகூடச் சரின்னுட்டாரு. நிச்சயமானதும் உனக்குச் சொல்லலாம்னு இருந்தோம்."

சொல்லிவிட்டு அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நான்காவது புள்ளியைப் பற்றி அவளிடம் அன்றும் நான் சொல்லவில்லை.