எனக்கு மட்டும் பேப்பர் கப்

1. ஐந்தாம் நாள்

முப்பத்து நான்கு வருட சர்வீஸில் நான் வாங்கிய ஒரே தண்டனை, பேப்பர் கப் வாங்கியதற்காக. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

ஊட்டியில் ஒரு அரசு அலுவலகம். துறையின் பெயர் வேண்டாம். நான் அங்கே கண்காணிப்பாளர், கூடவே டீ கிளப் செயலாளர். இரண்டாவது பதவிக்குத்தான் மரியாதை அதிகம். டீ மேசைக்கு மேலே சுவரில் பதிமூன்று ஆணிகள், அவற்றில் பிடி வைத்த பதிமூன்று பீங்கான் கப்புகள். ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷால் ஒரு பெயர். யாராவது ஓய்வு பெற்றால், கடைசி நாள் காலையில் அவருடைய கப்பைக் கழற்றிக் கழுவி, பேப்பரில் சுற்றி, மாலை சால்வையோடு கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம்.

பதினான்காவது ஆளாக வந்தவள் யோகராணி. இளநிலை உதவியாளர். பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்து, பரீட்சை எழுதி வந்த பெண். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். முதல் நான்கு நாள் அவளுக்கு, ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த பீங்கான் கப்பில் டீ கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் அவளுக்கு எஸ்.ஆர். திறந்தேன். எஸ்.ஆர். என்றால் பணிப்பதிவேடு. பிறந்த தேதி முதல் சாதிச் சான்றிதழ் வரை அதில் ஏறும். கையெழுத்துக்காக ஆபீசரிடம் கொண்டுபோனேன்.

"என்ன கம்யூனிட்டிங்க?"

"எஸ்.சி.ங்க சார்."

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். "ஏனுங்க, அந்த ஆடிட் கப்பை எடுத்து உள்ள வெச்சிருங்க. புதுப் பொண்ணுக்குப் பேப்பர் கப் வாங்கிக்கலாம். சுத்தமா இருக்கும் பாருங்க."

யாருடைய சுத்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் வாங்கினேன். நீலகிரியில் பேப்பர் கப்புக்குத் தடை. சுற்றுலா வருகிறவர்களைச் செக்போஸ்டில் நிறுத்திப் பை பையாகப் பார்க்கிறார்கள். ஆனால் தடை செய்த பொருள் எந்தக் கடையில் எந்தப் பலகைக்கு அடியில் கிடைக்கும் என்பது ஒரு கண்காணிப்பாளருக்குத் தெரியாமல் இருக்குமா?

2. ஆணிக்கு அனுமதி

இரண்டாம் மாதம் அவளே ஒரு கப் வாங்கிவந்தாள். நீலப் பூப்போட்டது, பெயரும் எழுதியிருந்தாள். "ஐயா, இதுக்கு ஒரு ஆணி அடிச்சுக்கலாங்களா?" என்று என்னைக் கேட்டாள். நான் ஆபீசரைக் கேட்டேன்.

"பில்டிங் நம்முளுதுங்களா? பி.டபிள்யூ.டி.யோடது. வெள்ளைக்காரன் கட்டுன சுவரு. நாளைக்கு விரிசல் விட்டா யாரு பதில் சொல்றது? எழுதிக் கேளுங்க."

எழுதினேன். 'பொருள்: சுவரில் ஆணி ஒன்று அடித்தல் – அனுமதி கோருதல்.' மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: ஆணியின் நீளம், தடிமன், சுவரின் எந்தப் பக்கம், வரைபடம் இணைக்கவும். வரைபடம் போட்டு அனுப்பினேன். ஸ்கேல் வைத்து, மற்ற பதிமூன்று ஆணிகளையும் புள்ளி புள்ளியாகக் காட்டி. அவற்றுக்கு யார் அனுமதி தந்தார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீலப்பூக் கப் அவள் மேசை இழுப்பறையில் கிடந்தது. பேப்பர் கப்பில் டீ தொடர்ந்தது.

3. விசாரணை

பதினோரு மாதம் பொறுத்தாள். பிறகு மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். மொத்தம் மூன்று வரி. 'அலுவலகத்தில் அனைவரும் பீங்கான் கப்பில் டீ அருந்துகின்றனர். எனக்கு மட்டும் பேப்பர் கப் தரப்படுகிறது. இது என் சாதி காரணமாகவே என்று கருதுகிறேன்.'

மேலிடத்தில் கோப்புக்குத் தலைப்பு வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. முதலில் கண்ணில் பட்ட வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். 'பொருள்: பேப்பர் கப் – பயன்பாடு – விசாரணை.' தலைப்பு அப்படி அமைந்ததால், தடை செய்த பொருட்களைப் பார்க்கும் பிரிவுக்குக் கோப்பு போனது. அங்கிருந்து இரண்டு பேர் கொண்ட குழு வந்தது.

ஆபீசர் அறையில் விசாரணை. யோகராணி, ஆபீசர், குழுவினர், குறிப்பெடுக்க நான். எங்கள் அலுவலக உதவியாளர் ஜோசப் தட்டில் டீ கொண்டுவந்தார். ஆபீசருக்கு அவர் கப், எனக்கு என் கப், குழுவினருக்கு ஆடிட் கப். யோகராணிக்குப் பேப்பர் கப். பழக்கதோஷம். வைத்த பிறகுதான் ஜோசப்புக்கு உறைத்தது. "ஐயோ கர்த்தாவே" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே ஓடினார்.

குழுவில் மூத்தவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இதுதானுங்களா அந்தக் கப்?"

"ஆமாங்கய்யா," என்றாள்.

"குடிச்சு முடிங்கம்மா. கப்பை நாங்க எடுத்துக்கணும்."

அவள் குடித்து முடிக்கும்வரை நான்கு பேரும் காத்திருந்தோம். பிறகு கப்பைக் கழுவி, துடைத்து, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அடுத்து ஆபீசரின் வாக்குமூலம்.

"நாங்க பதிமூணு பேரும் கறை புடிச்ச கப்புல குடிக்கறமுங்க. அந்தப் பொண்ணுக்குத் தெனமும் புதுசு. பாகுபாடுன்னு பாத்தா, அது எங்களுக்கில்லீங்களா நடந்திருக்குது?"

அதையும் எழுதிக்கொண்டார்கள். யோகராணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சாதி விஷயம் எங்க பிரிவுல வராதும்மா," என்றார் மூத்தவர். நல்ல மனிதர்தான், அவருக்குக் கொடுத்த வேலை கப் பிடிப்பது.

4. குறை தீர்ந்தது

அறிக்கை வந்தது. அலுவலகத்தில் தடை செய்த பேப்பர் கப் பயன்படுத்தப்பட்டது உறுதி. பயன்படுத்தியவர்: மனுதாரர். அவரே கையும் கப்புமாக இருந்ததற்குக் குழுவே சாட்சி. எனவே அவர் மீது 17-ஏ.

17-ஏ என்பது ஒழுங்கு நடவடிக்கை. சின்ன தண்டனைக்கான பிரிவுதான். ஆனால் அது நிலுவையில் இருக்கும்வரை தகுதிகாண் பருவம் முடிந்ததாக உத்தரவு வராது. அது வராவிட்டால் வேலை நிரந்தரமில்லை. அவள் அப்பா எஸ்டேட்டில் ஓய்வு பெற்று, தொழிலாளர்களுக்கென்று எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நேரம். மகள் சம்பளத்தை நம்பி ஊட்டியில் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: இனி அலுவலகத்தில் பேப்பர் கப் கூடாது. ஆபீசர் அன்றே பதில் அனுப்பினார். 'மனுதாரருக்குப் பேப்பர் கப் வழங்குவது நிறுத்தப்பட்டது. குறை நிவர்த்தி செய்யப்பட்டது.' நிறுத்தியது கப்பை மட்டுமல்ல, டீயையும். டிசம்பர் பனியில் பதிமூன்று பேர் ஊதி ஊதிக் குடிப்போம். அவள் தலையைக் குனிந்துகொண்டு தபால் பதிவு செய்வாள்.

குற்றக் குறிப்பாணையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, விளக்கம் எப்படி எழுதுறது?"

"மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வரி எழுதீரும்மா. எச்சரிக்கையோட விட்டுருவாங்க."

"எதுக்கு மன்னிப்புய்யா? தேத்தண்ணி குடிச்சதுக்கா?" குரலை உயர்த்தவில்லை. "மொத நாலு நாளு நல்ல கப்புலதானே குடுத்தீங்க. அஞ்சாம் நாளு என்னய்யா ஆச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அறைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, ஓய்வு பெற எனக்கு ஆறு மாதம்தான் பாக்கி. மூன்று நாள் பென்ஷன் கணக்கையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் ஒரு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். பேப்பர் கப் வாங்கியவன் நான். அவளுடைய எஸ்.ஆர். திறந்த அன்றுதான் முதல் கட்டு வாங்கினேன். அதற்கு முன் ஆபீசர் கேட்டது இது, நான் சொன்னது இது, அவர் உத்தரவிட்டது இது. எஸ்.ஆரில் அந்தத் தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது. சேர்ந்த நாளுக்கும் அதற்கும் நடுவே நான்கு நாள் அவள் குடித்தது பீங்கான் கப்பில்.

ஆபீசர் விஷயம் தெரிந்து என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்கென்னங்க கேடு? போற காலத்துல?"

"அதானுங்க சார். போற காலம்," என்றேன்.

5. உத்தரவுகள்

யோகராணி மீதான 17-ஏ கைவிடப்பட்டது. அதே 17-ஏ எனக்கு வந்தது, தடை செய்த பொருளை வாங்கியதற்காக. தண்டனை, கண்டனம். ஆபீசருக்கு 'நிர்வாக நலன் கருதி' மாற்றல், அவர் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொந்த ஊர்ப் பக்கத்துக்கே. மூன்று உத்தரவையும் வரி வரியாகப் படித்தேன். சாதி என்ற சொல் ஒன்றிலும் இல்லை.

அவளுக்குத் தகுதிகாண் பருவம் முடிந்த உத்தரவு வந்த அன்று, ஜோசப் வீட்டிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்து யாரையும் கேட்காமல் பதினான்காவது ஆணியை அடித்தார். வெள்ளைக்காரன் சுவர் விழவில்லை. ஆட்சேபணை இல்லை என்று பி.டபிள்யூ.டி. கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

நான் ஓய்வு பெற்ற நாள். காலையிலேயே என் கப்பைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிவிட்டார்கள். ஆடிட் கப்புகள் அன்றைக்கு ஆடிட்டுக்கு வந்தவர்கள் கையில். எல்லோருக்கும் டீ வந்துவிட்டது, மாலையும் கழுத்துமாக நான் மட்டும் வெறும் கையோடு நின்றேன். யோகராணி தன் டீயைக் குடித்து முடித்து, நீலப்பூக் கப்பைக் கழுவி, டீ ஊற்றி நீட்டினாள்.

"இதுல குடிங்கய்யா."

கையை நீட்டினேன். பாதி வழியில் ஒரு நொடி நின்றது. அவளுக்காக மேலிடத்துக்குக் கடிதம் எழுதின அதே கைதான். அவள் அதைப் பார்த்தாள். கப்பைப் பின்னுக்கு இழுக்கவில்லை. வாங்கிக் குடித்தேன். நல்ல சூடு.

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். புகார் வந்தால் தலைப்பைப் பார்த்துப் பிரிவு தேடாதீர்கள். 'எனக்கு மட்டும்' என்று எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அங்கிருந்து படியுங்கள். பேப்பர் கப் வாங்கியதற்கான கண்டனம் என் எஸ்.ஆரில் சிவப்பு மையில் ஏறியிருக்கிறது. அந்த ஒரு நொடி எந்த எஸ்.ஆரிலும் ஏறவில்லை. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.